பாம்புக்குப் பேர் மாத்துறது வெட்டி வேலையா?

டிஸ்கி முதல்லயே: நான் விலங்கியல் படிச்சவன் இல்ல. மணலிப் பக்கம் ஷிஃப்ட்டு வேலை. பாம்புன்னா சின்ன வயசுல இருந்து ஒரு கிறுக்கு, அவ்ளோதான். அதனால "நீ என்ன பெரிய புடுங்கியா"ன்னு பின்னூட்டம் போட நினைக்கிறவங்களுக்கு பதில் இங்கயே: இல்லீங்க.

மேட்டர் இதுதான். எங்க தெரு வாட்ஸப் குழுவுல ஒரு பெரியவர் இருக்கார். ரிட்டையர்டு. காலையில அஞ்சு மணிக்கு பூ படம் போட்டு குட்மார்னிங் சொல்றவர். அவர் போன வாரம் ஒரு ஃபார்வர்டு போட்டார். ராஜநாகம் இத்தனை வருஷமா ஒரே பாம்புன்னு சொன்னாங்களாம், 2024ல அது நாலு பாம்புன்னு சொல்லிட்டாங்களாம். அதுக்கு முன்னாடியே பச்சைப்பாம்பு பேரையும் மாத்திட்டாங்களாம். கீழ அவர் சொந்தக் கருத்து: "மக்கள் வரிப்பணத்துல சம்பளம் வாங்கிட்டு இவனுங்க பேர் மாத்தி விளையாடுறானுங்க. நேத்து சொன்னது இன்னிக்கு பொய்னா இவங்க அறிவியல எப்படி நம்புறது?" பத்துப் பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தாங்க.

நான் பதில் டைப் அடிச்சேன். அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். முடிச்சுப் பாத்தா வாட்ஸப்புல யாரும் படிக்க மாட்டாங்கன்னு தோணுற நீளம். சரி, இதைப் படிக்கிறதுக்குன்னே நாலு ஜீவன் நம்ம பதிவுலகத்துல இருக்குன்னு இங்க கொண்டாந்துட்டேன். மாட்டிக்கிட்டீங்க :-)

அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இதே நக்கலை படிச்சவங்களும் அடிக்கிறாங்க, பதிவர்களும் அடிக்கிறாங்க. "வகைப்பாட்டியல்காரனுக்கு வேலை இல்லன்னா பேரை மாத்துவான்". இதுலதான் எனக்கு பிரச்சினை. ஏன்னா இந்தப் பேர் விஷயத்துல உயிர் போயிருக்கு. பேரை மாத்துனதால இல்ல, மாத்தாம விட்டதால.

முதல்ல எங்க ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. நான் இருக்குறது மாத்தூர் எம்எம்டிஏ. தமிழ்நாட்டுல மாத்தூர்னு எத்தனை ஊர் இருக்குன்னு கொரியர்காரங்களைக் கேளுங்க, அழுவாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல தொட்டிப்பாலம் இருக்குற மாத்தூர் ஒண்ணு, திருச்சி புதுக்கோட்டை ரோட்டுல ஒரு மாத்தூர், அப்புறம் நாங்க. வெறும் "மாத்தூர்"னு எழுதி தபால் போட்டா எங்க போகும்? அதனாலதான் மணலி வழி, சென்னை 68னு எழுதுறோம். அதுவும் போதாதுன்னு எங்க அட்ரஸே மாறிக்கிட்டு இருக்கு. 2011ல சென்னை மாநகராட்சியில சேத்தாங்க. 2018ல திருவள்ளூர் மாவட்டத்துல இருந்து சென்னை மாவட்டத்துக்கு மாத்துனாங்க. வீடு அதே இடத்துலதான் இருக்கு. கொசுவும் அதே கொசுதான். இதுக்காக "நேத்து திருவள்ளூர்னான், இன்னிக்கு சென்னைங்கறான், இவனுக்கு வீடே கிடையாது"ன்னு யாராவது சொன்னா சிரிப்பீங்களா மாட்டீங்களா?

பாம்புப் பேர் மாறுறதுல பாதி இந்தக் கதைதான். மழைக்காலத்துல எங்க சாக்கடையில நெளியுற தண்ணிப்பாம்பு இருக்கே, அது ஒரு காலத்துல நேட்ரிக்ஸ் பிஸ்கேட்டர். அப்புறம் செனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர். 2018ல இருந்து ஃபௌலியா பிஸ்கேட்டர். பின்னாடி இருக்குற பிஸ்கேட்டர், அதாவது மீன் பிடிக்கிறவன், மாறவே இல்ல. முன்னாடி இருக்குற பேரினம்தான் மாறுச்சு, எங்க வீட்டுக்கு மாவட்டம் மாறுன மாதிரி. ஐரோப்பாவுல இருக்குற தண்ணிப்பாம்போட இது நெருங்குன சொந்தம் இல்லன்னு தெரிஞ்சப்போ அங்கிருந்து பிரிச்சு இங்க சேத்தாங்க. இன்னொண்ணு இதைவிட அல்பம். சாரைப்பாம்பை ரொம்ப நாளா டியாஸ் மியூகோசஸ்னு எழுதிட்டிருந்தாங்க. டியாஸ்ங்கிற சொல் பெண்பால், அதனால மியூகோசஸ் தப்பு, மியூகோசான்னுதான் வரணும்னு 2004ல ரெண்டு பேர் கட்டுரையே எழுதித் திருத்துனாங்க. இதைப் பாத்து சிரிச்சா நானும் கூட சேந்து சிரிக்கிறேன். பட்டாவுல அப்பா பேர்ல கொம்பு விட்டுப்போனா திருத்துறோம்ல, அந்த மாதிரி. எரிச்சல்தான். ஆனா திருத்தலன்னா பின்னால வில்லங்கம்.

அடுத்த வகைதான் விஷயம். ஒருத்தர்னு நினைச்சது ரெண்டு பேர்னு தெரியுறது. ரெண்டு மாத்தூருக்கு ஒரே பின்கோடு போட்டு வச்சிருந்தோம்னு தெரியுறது.

இதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க தெருவோட வகைப்பாட்டியலையும் சொல்லிடுறேன், ஏன்னா வகைப்பாடு பண்ணாத மனுஷன் கிடையாது. எங்க தெருவுல பாம்பு மொத்தம் மூணு இனம். நல்ல பாம்பு, அதைக் கும்பிடணும். தண்ணிப்பாம்பு, அதை விட்டுடலாம். மத்ததெல்லாம் கட்டுவிரியன், அதை அடிச்சுக் கொல்லணும். இந்த மூணாவது கணக்குல எத்தனை ஓநாய்ப்பாம்பு செத்திருக்கும்னு நினைக்கிறீங்க? பல்லி புடிக்க வீட்டுக்குள்ள வர்ற, விஷமே இல்லாத பாம்பு அது. உடம்புல வெள்ளைப் பட்டை இருக்குறது மட்டும்தான் அது செஞ்ச பாவம். கட்டுவிரியனுக்கு பட்டை கழுத்துக்கிட்ட இருக்காது, இல்ல மங்கலா இருக்கும். பின்னால போகப் போகத்தான் தெளிவா, பெரும்பாலும் ரெண்டு ரெண்டா மெல்லிசா வரும். ஓநாய்ப்பாம்புக்கு கழுத்துலயே பளிச்சுனு ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போக மங்கும். ராத்திரி டார்ச் வெளிச்சத்துல, கையில கட்டையோட நாலு பேர் கத்திக்கிட்டு இருக்கும்போது இதையெல்லாம் யார் பாக்குறது.

தமிழ்ல "விரியன்"ங்கிற சொல்லையே எடுத்துக்குங்க. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். கேட்டா மூணும் அண்ணன் தம்பிங்கன்னு தோணும். முதல் ரெண்டும்தான் ஒரு குடும்பம். கட்டுவிரியன் நல்லபாம்போட குடும்பம். இது ஏதோ புத்தகக் கணக்கு இல்லீங்க. கண்ணாடி விரியன் கடிச்சா வீங்கும், வலிக்கும், ரத்தம் உறையாது. கட்டுவிரியன் ராத்திரி பாய்ல படுத்திருக்கிறவனைக் கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. வீக்கம் இருக்காது. வயித்து வலின்னு எழுந்திருப்பான், கொஞ்ச நேரத்துல இமை தொங்கும், மூச்சு நிக்கும். "விரியன் கடிச்சா வீங்கணுமே, வீங்கலியே, அப்போ விஷமில்ல"ன்னு முடிவு பண்ணுனா ஆள் காலி. நம்ம பேரே நம்மளை ஏமாத்துது.

வெள்ளைக்காரன் வச்ச பேர் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் இல்ல. அதோட ஆரம்பமே நம்ம கடற்கரைதான், இது நிறைய பேருக்குத் தெரியாது. பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனியோட இயற்கை ஆய்வாளரா 1785ல கர்நாடகப் பகுதிக்கு நியமிக்கப்பட்டார். எது விஷப்பாம்பு, எது இல்லன்னு தெரிஞ்சுக்கணும், அதான் அவர் முக்கியமா தேடுனது. சோழமண்டலக் கரையில புடிச்ச பாம்புகளை வரைய வச்சு 1796ல லண்டன்ல பெரிய புத்தகம் போட்டார். அதுல லத்தீன் பேருக்கு பதிலா உள்ளூர் ஆளுங்க சொன்ன பேரையே போட்டிருந்தார். தெலுங்குல பங்காரம்னு சொன்ன மஞ்சள் பட்டை பாம்புல இருந்துதான் கட்டுவிரியன் பேரினத்துக்கே பங்காரஸ்னு பேர் வந்துச்சு. தங்கம்னு அர்த்தம்!

அப்புறம் என்னாச்சுன்னா, ஐரோப்பாவுல உக்காந்திருந்த ஷ்னைடர், டோடான் மாதிரி ஆளுங்க அவர் படத்தை வச்சு லத்தீன் பேர் வச்சாங்க. சிலதுக்குப் பாம்பையே பாக்கல, படத்தை மட்டும் பாத்து வச்சாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ பாத்த மாதிரி. இருநூறு வருஷம் முன்னாடி படத்தைப் பாத்து வச்ச பேர் இன்னிக்கு வரைக்கும் திருத்தமே இல்லாம இருக்கணும்னு எதிர்பாக்குறது யாரோட தப்பு?

சரி, பச்சைப்பாம்புக்கு வருவோம். பெரியவரோட ரெண்டாவது கம்ப்ளெயின்ட். கண்குத்திப் பாம்புன்னு நாம சொல்றது. அதோட அறிவியல் பேர் அஹேடுல்லா. இது சிங்களச் சொல்லு, அர்த்தம் என்ன தெரியுமா? கண்ணைப் புடுங்குறது! பாக்ஜலசந்திக்கு ரெண்டு பக்கமும் அந்தப் பாவப்பட்ட ஜீவன் மேல ஒரே பழி. அது யார் கண்ணையும் குத்துறதில்ல.

இந்தியா, இலங்கைன்னு எல்லா பச்சைப்பாம்பையும் அஹேடுல்லா நசுட்டான்னு ஒரே பேர்ல எழுதிட்டிருந்தாங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆளுங்களும், அப்போ கிண்டி பாம்புப் பண்ணையில இருந்த எஸ்.ஆர். கணேஷும் சேந்து டிஎன்ஏ, செதில் எண்ணிக்கை எல்லாத்தையும் பாத்து 2020ல கட்டுரை போட்டாங்க. நசுட்டா இலங்கையில மட்டும் இருக்குற பாம்பு. நம்ம சமவெளியில இருக்குறது ஆக்ஸிரிங்க்கா. மேற்குத்தொடர்ச்சி மலையில இருக்குறது இன்னும் தனித்தனி, அதுல சிலதுக்கு அதுவரைக்கும் பேரே இல்ல. ஒரே மாதிரி ஏழு பேர் உலகத்துல இருப்பாங்கன்னு நாமளே சொல்றோம்ல, ஆனா அந்த ஏழு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு குடுக்க முடியுமா?

ஏன் இலங்கைக்காரனுக்குப் பழைய பேர், நமக்கு வேற பேர்னு கேக்கலாம். பேர் வைக்கும்போது எந்த ஊர்ப் பாம்பை வச்சு வச்சாங்களோ, பிரிவினை வந்தா பேர் அந்த ஊருக்குத்தான் போகும். நசுட்டாவோட ஊர் இலங்கை. நமக்கு யார் புதுசா கண்டுபுடிச்சு வைக்கவும் வேணாம், 1825லயே ஒருத்தர் ஆக்ஸிரிங்க்கான்னு வச்சுட்டுப் போயிருந்தார், தூசி தட்டி எடுத்தாங்க. சொத்துத் தகராறு மாதிரி பத்திரம் எல்லாம் பாத்துத்தான் செய்யுறாங்க, யாரும் சோழி உருட்டிப் பேர் வைக்கிறதில்ல.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். "பச்சைப்பாம்பு கடிச்சா யாரும் சாகப்போறதில்ல, பின்ன எதுக்கு இந்த அலப்பறை?" சரி. சாகுற கதைக்கு வர்றேன்.

சுருட்டை விரியன். எகிஸ் கரினேட்டஸ். ஒரு காலத்துல மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து நம்ம ஊர் வரைக்கும் இருக்குற எல்லா சுருட்டைக்கும் இதான் பேர். அப்புறம் ஆப்பிரிக்கச் சுருட்டை வேற வேறன்னு ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ஆளைக் கொல்றதுல முக்கியமானது ஒசெல்லேட்டஸ். 1970ல கரினேட்டஸோட துணையினமா வச்சு, அப்புறம் தனி இனமா ஏத்துனாங்க. அதையும் 2018ல ரெண்டாக்கிட்டாங்க. நக்கல் அடிக்கிறவங்களுக்கு நல்ல தீனி. ஆனா கதை கேளுங்க. கானா நாட்டுல ஒரு பகுதியில 2004ல, வழக்கமா குடுத்த மருந்துக்கு பதிலா இந்தியாவுல செஞ்ச விஷமுறிவு மருந்துக்கு மாறுனாங்க. விலையும் தோது, கைக்கும் கிடைச்சுது. அதுக்கு முந்தின வருஷம் பாம்புக்கடின்னு வந்தவங்கள்ல நூத்துக்கு 1.8 பேர் செத்தாங்க. மருந்து மாறுனதும் 12.1 பேர். ஆறு மடங்குக்கு மேல. 2008ல இது கட்டுரையா வந்துச்சு. பாம்பு வேற, மருந்து வேற பாம்புக்கு. ரெண்டும் சுருட்டைதானேன்னு நினைச்சா இதான் நடக்கும். இப்போ சொல்லுங்க, ஒசெல்லேட்டஸை தனியாப் பிரிச்சவன் வெட்டி வேலை பாத்தவனா?

ஆப்பிரிக்காவுக்கு ஏன் போகணும், கேரளாவுக்கு வாங்க. அங்க மூக்கு நுனி மேல தூக்கின மாதிரி ஒரு சின்ன குழிவிரியன் உண்டு, ஹிப்னேல். ரப்பர் தோட்டம், காப்பித் தோட்டத்துல காலுக்கடியில கிடக்கும். அது பெருசா ஒண்ணும் பண்ணாதுன்னே நம்பிட்டிருந்தாங்க. 2007ல ஒரு டாக்டர் குழு, அது கடிச்சு உயிருக்கு ஆபத்தாகி வந்தவங்களை முறையா பதிவு பண்ணாங்க. அதுவரைக்கும் அந்தக் கடியை எல்லாம் சுருட்டை விரியன் கணக்குல எழுதிட்டிருந்தாங்க! சுருட்டைன்னு நினைச்சு மருந்தையும் ஏத்துவாங்க. நம்ம மருந்து ஹிப்னேலுக்கு வேலை செய்யாது. மருந்து வீண், மருந்தால வர்ற ஒவ்வாமை மட்டும் மிச்சம்.

எல்லா தடவையும் பிரிக்கிறது மட்டும்தான்னு நினைக்காதீங்க. கண்ணாடி விரியனை உடம்புப் புள்ளிகளை வச்சு ஏகப்பட்ட துணையினமா பிரிச்சு வச்சிருந்தாங்க. 2007ல டிஎன்ஏ பாத்தப்போ அதெல்லாம் கரைஞ்சு போய் ரெண்டே ரெண்டுதான் நின்னுச்சு. நம்ம பக்கம் டபோயா ரஸ்ஸெலி, பர்மாவுலயும் அதுக்குக் கிழக்கயும் சியாமென்சிஸ். பேர் வெறி புடிச்சவங்களா இருந்தா இருக்குறதை ஏன் குறைக்கணும்?

ராஜநாகத்தை நாலாப் பிரிச்சதும் இப்படித்தான். அதுக்கு முன்னால நின்ன ஆள்ல ஒருத்தர் கௌரிசங்கர், ஆகும்பே பக்கம் ராஜநாகம் பத்தி வருஷக்கணக்கா வேலை பாக்குறவர். 2005ல அவரையே ராஜநாகம் கடிச்சுது. தாய்லாந்துல இருந்து வந்த மருந்து சரியா வேலை செய்யல. ஒரே பாம்புன்னா ஏன் செய்யலன்னு கிளம்பின கேள்விதான் 2024 அக்டோபர்ல கட்டுரையா முடிஞ்சுது. மேற்குத்தொடர்ச்சி மலை ராஜநாகத்துக்கு காளிங்கான்னு பேர். கன்னடத்துல ஜனங்க கூப்பிடுற பேரு. ரஸ்ஸல் காலத்துல உள்ளூர்க்காரன் சொன்ன பேரை எடுத்து லத்தீன்ல மாத்துனாங்க, இப்போ மறுபடி உள்ளூர்ப் பேரே ஏறுது. எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

இப்போ சொந்தக் கதை. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடுறேன்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, காசிமேட்டுல விசைப்படகுல போறவர். ஆறேழு வருஷம் முன்னாடி, விடியக்காலையில வலை ஏத்தி மீனைத் தரம் பிரிக்கும்போது விரல்ல சுருக்குனு இருந்திருக்கு. கெளுத்தி முள்ளுன்னு நினைச்சிருக்கார். அப்புறம் பாத்தா வலைக்குள்ள கடல்பாம்பு. கூட இருந்தவங்க அதை அடிச்சு கடல்ல வீசிட்டாங்க. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. "கடல்பாம்பு கடிக்காது, கடிச்சாலும் ஏறாது"ன்னு ஒரு பேச்சு உண்டு, அதை நம்பி வேலையப் பாத்திருக்கார். ரெண்டு மூணு மணி நேரத்துல உடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி வலி. கழுத்து திரும்பல, வாயைத் திறக்க முடியல. கரைக்கு வர்றதுக்குள்ள சிறுநீர் கடுங்காப்பி கலர்ல போயிருக்கு. தசை கரைஞ்சு ரத்தத்துல கலக்குறதோட அடையாளம் அது.

கொண்டுபோன ஆஸ்பத்திரியில முதல்ல வழக்கமான பாம்புக்கடி மருந்தை ஏத்தினாங்க. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் வந்த ஒரு டாக்டரம்மாதான் எங்களை வெளிய கூப்பிட்டு சொன்னாங்க: "இந்த மருந்துல கடல்பாம்பு கிடையாதுங்க." அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், இருந்ததைக் குடுத்தாங்க. கிட்னி நின்னுபோய் மூணு வாரம் டயாலிசிஸ். ஆள் பொழைச்சுட்டார். அத்தை வளையல் மட்டும் இன்னும் சேட்டுக் கடையில இருந்து திரும்பல.

அதுக்கப்புறம்தான் நான் கடல்பாம்பைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன். மாமா சொன்ன அடையாளம், மேல்தாடை நுனி கொக்கி மாதிரி கீழ வளைஞ்சது, சாம்பல் நிறம், துடுப்பு வால். சத்தியம் பண்ண முடியாது, ஆனா கொக்கிமூக்குக் கடல்பாம்பாத்தான் இருக்கணும். உலகத்துல கடல்பாம்புக் கடியில சாகுறவங்கள்ல பெரும்பாலானவங்களைக் கடிக்கிறது இதுதான். பழைய பேர் என்ஹைட்ரினா ஸ்கிஸ்டோசா, இப்போ ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ். 1803ல டோடான் இதுக்குப் பேர் வச்சப்போ எந்த ஊர்ப் பாம்பு தெரியுமா? தரங்கம்பாடி! ஆமா, நம்ம தரங்கம்பாடி.

நம்ம கரையில இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் கொக்கிமூக்கு எல்லாம் ஒரே இனம்னு இருந்துச்சு. 2013ல கனிஷ்க உக்குவெலங்கிற இலங்கைக்காரரும் கூட்டாளிங்களும் டிஎன்ஏ பாத்தாங்க. ஆசியக் கொக்கிமூக்கும் ஆஸ்திரேலியக் கொக்கிமூக்கும் ஒரே இனம் இல்ல. அது மட்டுமில்ல, நெருங்குன சொந்தம் கூட இல்ல! தனித்தனியா, ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்து ஒரே மாதிரி மூஞ்சி வந்திருக்கு. தரங்கம்பாடிப் பேர் தரங்கம்பாடிக்கே, அதாவது நமக்கே. ஆஸ்திரேலியாக்காரனுக்கு வேற பேர். கூத்து என்னன்னா, ஆஸ்திரேலியாவுல செய்யுற கடல்பாம்பு மருந்து மலேசியப் பக்கத்துக் கொக்கிமூக்கோட விஷத்தை வச்சு செய்யுறது. நம்ம பாம்போட இனம். மருந்து அங்க இருக்கு, பாம்பு இங்க இருக்கு, மாமா காசிமேட்டுல இருந்தார்.

சரி, இப்போ என்னோட நிஜமான கோபத்துக்கு வர்றேன். நம்ம நாட்டு மருந்து பாட்டில்ல நாலே பேர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். "பெரிய நாலு"ம்பாங்க. விஷத்துல பெரும்பங்கு நம்ம மாமல்லபுரம் ரோட்டு வடநெம்மேலியில, 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துல இருந்து போகுது. இருளருங்க தங்கள் வேலையை சுத்தமா செய்யுறாங்க, பாம்பைக் கொல்லாம விஷம் எடுத்து திருப்பி விடுறாங்க. ஆனா செங்கல்பட்டுப் பாம்போட விஷத்துல செஞ்ச மருந்து ராஜஸ்தான்லயும் வங்காளத்துலயும் அதே மாதிரி வேலை செய்யணும்னு யார் சொன்னது? பெங்களூர்ல கார்த்திக் சுனாகரோட ஆய்வகம் 2019ல பாத்தப்போ வடக்கு, வடகிழக்குல இருக்குற பட்டியல்ல இல்லாத பல பாம்புங்களுக்கு இந்த மருந்து சரியா எடுபடல. அப்புறம் 2021ல கண்ணாடி விரியனையே ஊர் ஊரா பாத்தாங்க. ஒரே இனம், ஒரே பேர், ஆனா விஷம் ஊருக்கு ஊர் மாறுது. மருந்து சில இடத்துல சொதப்புது. அதாவது பேரைப் பிரிச்சது அதிகமில்ல, பிரிச்சதே பத்தல.

இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க கிட்டத்தட்ட 12 லட்சம்னு ஒரு கணக்கு 2020ல வந்துச்சு. வருஷத்துக்கு சராசரி 58,000. இந்த லட்சணத்துல, பாம்பு பேர் மாறுதுன்னு கோபப்படுறோம். பேர் மாறியும் பாட்டில் மேல இருக்குற நாலு பேர் மாறலியேன்னு யாருக்கும் கோபம் வரல. எந்த வரிப்பணத்தைப் பத்தி பெரியவர் பேசுறார்?

ஒத்துக்க வேண்டியதையும் ஒத்துக்குறேன். பேர் மாத்துறதுல போலிங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் சொந்தமா பத்திரிகை நடத்தி, அடுத்தவன் உழைப்பைப் பாத்து அவசர அவசரமா நூத்துக்கணக்குல பேர் வச்சுத் தள்ளுனார். 2013ல ஊர்வன ஆய்வாளருங்க நிறைய பேர் சேந்து "இந்தப் பேரை யாரும் பயன்படுத்தாதீங்க"ன்னு அறிக்கை விடுற அளவுக்குப் போச்சு. அப்புறம் பேர் மாறுற செய்தி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த பேர் வந்துடுது, அதுவும் நிஜம். ஆனா இதுக்குத் தீர்வு மாத்தாம இருக்குறது இல்ல, மாத்துனதை டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் தமிழ்ல, படத்தோட சொல்றது.

இதுல ஒரு நல்ல விஷயம், 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல பாம்புக்கடியை கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சாங்க. இனி கடி கணக்குல வரும். எந்தப் பாம்புங்கிற கட்டத்துல என்ன எழுதப் போறாங்கங்கிறதுதான் என் கவலை. எங்க தெரு ஆளுங்களைக் கேட்டு எழுதுனா தமிழ்நாடு பூரா கட்டுவிரியன்தான் :-(

கடைசியா ஒண்ணு. கொக்கிமூக்கோட பழைய பேருங்களைத் தேடும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 1827ல போய்ன்னு ஒருத்தர் இதே பாம்புக்கு வச்ச பேர், இப்போ செல்லாது. வலகடின். இங்கிலீஷ் புத்தகத்துல இன்னிக்கும் சில பேர் இதை "வலகடின் கடல்பாம்பு"ன்னு எழுதுறாங்க. எனக்கு வாய்விட்டு சொல்லிப் பாத்ததும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. வலைகடியன்! வேற என்னவா இருக்க முடியும்? வலையில மாட்டிக்கிட்டு கடிக்கிறவன். இருநூறு வருஷம் முன்னாடி ஏதோ ஒரு மீனவர் சொன்னது, எழுத்துப் பிசகி லத்தீன் பட்டியல்ல போய் உக்காந்திருக்கு. கடல்பாம்புன்னு பொதுவா சொல்லாம, இதை மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு பேர் வச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. அந்தப் பேர் காசிமேட்டுல இப்போ நான் கேட்ட யாருக்கும் தெரியல.

போன ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தப்போ போன்ல படத்தைக் காட்டி, பேரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தார்.

"இன்னா மாப்ள, வலைகடியனா? வலையக் கடிச்சிட்டுப் போயிருந்தா நான் ஏன்டா ஆஸ்பத்திரில கெடந்தேன்?"